மின்னஞ்சலும் இடைவழி மாற்றமும்

ஒருவன் எழுதி விடுத்த ஓலையை, அதனைக் கொண்டு செல்வோர் இடைவழியிற் பிரித்துத் திருத்தலாமோ என்று வினவின், ஆகாது என்றே எவரும் விடை கூறுவர். ஆயின், இற்றைநாள் மின்னஞ்சல் பலவேளைகளில் அவ்வாறு பிரிக்கப்பட்டும், உருமாற்றப்பட்டும், மீளக் கட்டப்பட்டுமே செல்கின்றது. பெறுவோர் அதனை அறிவதும் இல்லை. பழைய சர்வருக்கும் புதிய சர்வருக்கும் இடையே நிகழும் இம் மாற்றம் எவ்வளவிற் பொறுக்கத்தக்கது, எவ்விடத்தில் நிறுத்தத்தக்கது என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தது. இது பொறியியலார்க்கு உரிய செய்தி, தமிழ் பயில்வோர்க்கு இதன்கண் யாது வேலை என்று நண்பர் சிலர் நகைப்பர். தமிழன் ஒருவன் தன் பெயரைத் தமிழெழுத்திலேயே அஞ்சல் முகவரியாகக் கொள்ளல் இயலுமா என்னும் வினா இம் மாற்றத்தையே பற்றி நிற்றலின், வேலை உண்டு என்றே யாம் துணிகின்றோம்.

1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கர், ஆர்ப்பாநெட் என்னும் வலையின் வழியே ஒரு கணிப்பொறியினின்று மற்றொன்றற்கு முதன்முதல் அஞ்சல் விடுத்தார். பயனர் பெயரையும் பொறியின் பெயரையும் பிரித்து நிற்கும் '@' என்னும் குறி அவர் தேர்ந்தெடுத்ததே. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. விதி, அஞ்சலிற் செல்லும் ஒவ்வோர் எழுத்தும் ஏழு பிட்டுள் அடங்குதல் வேண்டும் என்று வரையறுத்தது. ஏழு பிட்டுள் 128 குறிகளே அடங்கும். ஆங்கிலத்திற்கு அது போதும். நமக்குப் போதாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

யூனிகோட் முறையில் அகரம் மூன்று பைட்டாக நிற்கும். அவை மூன்றிலும் எட்டாவது பிட் ஒன்றாகவே இருக்கும். எட்டாவது பிட்டைக் களைந்துவிடும் இயல்புடைய பழைய சர்வர் ஒன்றன் வழியே அகரம் செல்லுமாயின், முதற் பைட் ஒரு சாய்ந்த மேற்கோட் குறியாகவும், இரண்டாவது ஒரு முற்றுப்புள்ளியாகவும், மூன்றாவது அச்சிலேறாத கட்டுப்பாட்டுக் குறியாகவும் திரியும். அகரம் ஒன்றற்கே அன்று. உயிர் பன்னிரண்டற்கும், ககரமுதல் டகரம் வரையுள்ள வல்லின மெல்லினங்கட்கும் இதுவே கதி. அச்சிலேறாத குறி கண்ணுக்குப் புலனாகாமையின், எல்லா எழுத்தும் ஒரே வடிவினவாய்த் தோன்றும். பனையோலையிற் புள்ளியிடாது எழுதிய காலத்து எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் தம்முள் மயங்கி, வீரமாமுனிவர் வடிவம் வகுக்கும்வரை கற்பார்க்கு இடர் விளைத்தன. அங்கே மயங்கியவை நான்கெழுத்து; இங்கே மயங்குவது நெடுங்கணக்கிற் பெரும்பகுதி.

வழியின் கதையும் சுவையுடையது. 1980-களில் யூ.யூ.சி.பி. என்னும் முறையில் அஞ்சல் விடுப்போன், எந்தப் பொறியினின்று எந்தப் பொறிக்குச் சென்று, அங்கிருந்து எதனை அடைந்து, இறுதியில் யாரிடம் சேர்தல் வேண்டும் என்பதனை வியப்புக்குறி இட்டு வரிசையாகத் தானே எழுதுதல் வேண்டும். இதனைப் படித்தபோது எமக்கு ஆற்றுப்படையே நினைவிற்கு வந்தது. சிறுபாணாற்றுப்படையுட் பாணன் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் என்று ஊர்களை முறையே சுட்டிக் கிடங்கிலுக்கு வழி கூறுவதும் இவ்வாறே அன்றோ? இடையில் ஓர் ஊர் மறந்தால் பரிசில் இல்லை. ஒரு பொறி மறந்தால் அஞ்சல் இல்லை. 1986-இல் எம்.எக்ஸ். என்னும் பதிவு வகுக்கப்பட்ட பின்னர், இவ்வூர்க்கு உரிய அஞ்சலை இப்பொறி பெறும் என்பதைப் பெயரேடே கூறலாயிற்று. விடுப்போன் வழியறிய வேண்டுவது ஒழிந்தது. வேறு வேறு வலைகளின் முகவரி வடிவங்களை ஒன்றினின்று ஒன்றாக மாற்றித் தரும் பணியை எரிக் ஆல்மன் பெர்க்கிலியில் இயற்றிய சென்ட்மெயில் என்னும் மென்பொருள் நெடுங்காலம் செய்தது. அதன் விதிக்கோப்பைப் படித்துப் பொருள் காண்டல் நன்னூற் சூத்திரத்தைக் காண்டலினும் அரிது என்பர் பயின்றோர்.

நிற்க. 1992-இல் நதானியேல் போரன்ஸ்டைனும் நெட் ஃப்ரீடும் வகுத்த மைம் என்னும் முறையையே யாம் மிகவும் பாராட்டுகின்றோம். அவர்கள் பழைய சர்வர்களைப் பழித்திலர். ஒருநாளில் அனைத்தையும் மாற்றுமின் என்று கேட்டிலர். எம்மொழி எழுத்தாயினும், படமாயினும், இசையாயினும், விடுப்போன் இடத்திலேயே அதனை ஏழு பிட்டுள் அடங்கும் எழுத்துகளாகப் பொதிந்து, பொதிந்த வகையையும் மேலே எழுதி விடுத்தால், இடையிலுள்ள சர்வர் உள்ளிருப்பதை அறியாமலே சுமந்து செல்லும். பேஸ்-64 என்னும் பொதிமுறைக்குத் தேர்ந்த எழுத்துகள், ஐ.பி.எம். பொறிகளின் எப்சிடிக் என்னும் வேற்றுக் குறிமுறையுள் நுழைந்து மீண்டாலும் கெடாதவாறு தேர்ந்தவை. இத்துணை முன்னறிவு வியத்தற்குரியது.

1993-இல் வந்த விரிவும் அத்தகைய பண்புடையதே. புதிய சர்வர் மற்றொன்றை அணுகும்போது புதிய வணக்கச் சொல்லைக் கூறும். எதிர்நிற்பது பழையதாயின், அச்சொல்லை அறியேன் என்னும். உடனே புதியது பழைய வணக்கத்தையே கூறிப் பணிந்து பேசும். எதிர்நிற்பது எட்டுப் பிட்டை ஏற்குமாயின் அஞ்சலை உள்ளவாறே தரும். ஏலாதாயின் ஏழு பிட்டாக உருமாற்றித் தருதல் வேண்டும், அன்றேல் திருப்பி விடுத்தல் வேண்டும். இதுவே இடைவழி மாற்றம் என்பது.

இதற்கு நாம் கொடுக்கும் கூலி சிறிதன்று. 'அன்பு' என்னும் சொல் எழுத்தால் மூன்று, யூனிகோட் குறியால் ஐந்து, பைட்டால் 15. அதனைப் பேஸ்-64 முறையிற் பொதிந்தால் 20 எழுத்தாகும். கோட்டட் பிரிண்டபிள் என்னும் முறையிற் பொதிந்தாலோ 45 எழுத்தாகும். ஆங்கிலச் சொல்லோ இரண்டாவது முறையில் ஏறக்குறைய மாறாமலே செல்லும். எனினும் இக்கூலியை யாம் முறையிடவில்லை. என்னை? பொதிந்தது முழுதும் மீள அவிழும். ஒரு புள்ளியும் குறையாது. ஒரு குறை மட்டும் உண்டு. அஞ்சல் இடையில் திருத்தப்படவில்லை என்பதற்குச் சான்றாக விடுக்கும் சர்வர் இடும் டி.கே.ஐ.எம். என்னும் முத்திரை, இடைவழியில் உருமாற்றிய அளவிலே பொருந்தாதாகும். நல்லெண்ணத்தோடு மாற்றினும், முத்திரை பொய் என்றே பெறுவோன் காண்பான். அதுபற்றியே, முத்திரை இடுமுன் ஏழு பிட்டாக மாற்றிவிடுக என்று 2011-ஆம் ஆண்டு விதி அறிவுறுத்துகின்றது. மாற்றுவது எழுதியவன் வாயிலிலேயே நிகழ்க என்பது கருத்து.

இனி முகவரிக்கு வருவோம். வழக்கு முழுதும் இங்கேதான் கிடக்கின்றது. '@' குறியின் வலப்பால் நிற்பது ஊர்ப்பெயர் போன்றது. அது தமிழிலிருப்பின், 2003-இல் வகுத்த பியூனிகோட் முறையால் ஆங்கில எழுத்துகளாக மாற்றலாம், '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்பன இவ்வாறே பழைய பொறிகளிலும் உலவுகின்றன. இடப்பால் நிற்பது ஆளின் பெயர். அதன் பொருளை அறியும் உரிமை சென்றடையும் சர்வர் ஒன்றற்கே உண்டு, இடையிலுள்ள எதுவும் அதற்குப் பொருள் கற்பித்தல் ஆகாது என்பது தொன்றுதொட்ட விதி. ஆகலின், தமிழ்ப் பெயரைப் பழைய சர்வருக்கு ஏற்ப மாற்றித் தருவார் இல்லை.

2009-இல் இதற்கு ஓர் உபாயம் சோதனையாக எழுந்தது. தமிழ் முகவரியோடு ஆங்கில முகவரி ஒன்றையும் உடன் விடுப்பது. பழைய சர்வர் எதிர்ப்படின், இடையில் நிற்கும் புதிய சர்வர் தமிழை எடுத்துவிட்டு ஆங்கிலத்தை வைப்பது. 2012-இல் முறையான விதி வகுத்தோர் இதனைக் கைவிட்டனர். பழைய சர்வர் ஏலாதாயின் அஞ்சல் மாறாது, காரணம் கூறி விடுத்தோனிடமே திரும்பும் என்று வகுத்தனர். இம்முடிபே நேரிது என்பது எம் கருத்து.

மறுப்போர் கூற்று வலியுடையது. அதனை மறைத்தல் நேர்மையன்று. தமிழ் முகவரியுடையான் ஒருவன், ஆங்கில முகவரியுடைய மற்றொருவனுக்கு எழுதினும், விடுத்தோன் பெயர் தலைப்பில் தமிழாய் நிற்றலின் பழைய சர்வர் அதனை ஏலாது. வேலைக்கு விண்ணப்பித்தவன் விண்ணப்பம் திரும்பும். நியாயாதிபதிகள் ஆகமத்தில், யோர்தான் துறைகளில் நின்ற கீலேயாத்தியர் 'ஷிபோலேத்' என்று சொல்லத் தெரியாத எப்பிராயீமியரை வெட்டி வீழ்த்தியது போலப் பழைய சர்வர் நிற்கின்றது. சற்றே நா மாற்றிச் சொன்னால் உயிர் பிழைக்குமே என்கின்றனர் அவர்.

பிழைக்கும், ஆயின் நா மாற்றியது தான் என்பதையும் அவனே அறிந்திருத்தல் வேண்டும். அஞ்சல் திரும்பினால், விடுத்தோன் அறிவான். வேறு முகவரியினின்று மீண்டும் எழுதுவான். ஏலாத நிலையத்தாரை ஏன் என்று கேட்பான். இடையிற் பெயரை மாற்றி ஒப்படைத்தாலோ எவரும் கேளார். துறைகாப்போனும் தன் குறையை அறியான். பத்தாண்டு கழிந்தும் அச் சர்வர் அங்கேயே நிற்கும். மேலும், எல்லாத் தமிழ் முகவரிக்கும் ஓர் ஆங்கில முகவரி துணை நிற்றல் வேண்டும் என்றால், தமிழ் முகவரி அணிகலன் அளவாய் ஒழியும்.

பழையதை மாற்றுதல் அரிதோ எனின், அன்று. ஜிமெயில் 2014-இலேயே இத்தகைய முகவரிகளோடு அஞ்சல் பரிமாறத் தொடங்கிற்று. விலையின்றிக் கிடைக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மென்பொருள் 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் இதனை ஏற்கின்றது. பெருந்தடை சர்வரினும் விண்ணப்பப் படிவங்களிலேயே உள்ளது. தமிழ் முகவரியை இட்டால், சர்வரைக் கேளாமலே, இது செல்லாது என்று சிவந்த எழுத்தில் நம்மைத் தள்ளும் படிவங்கள் பல. தமிழ் வளர்க்கும் நிலையங்கள் சிலவற்றின் படிவங்களும் இவற்றுள் அடங்கும் என்பது வருந்தத்தக்கது. அவை முதலில் திருந்துக.

இறுதியாக ஒன்று. சென்றடையும் சர்வர் தமிழை ஏற்று, பெறுவோன் கையிலுள்ள பழைய மென்பொருள் மட்டும் ஏலாதாயின், அவன் படிக்குமாறு மாற்றிய படி ஒன்றைக் காட்டலாம் என்று 2013-இல் விதி செய்துள்ளனர். இதனை யாம் மறுக்கவில்லை. அஃது அஞ்சல் உரியவன் இல்லம் புகுந்த பின்னர் நிகழ்வது. மூல அஞ்சல் சர்வரில் உள்ளவாறே இருக்கும். அவன் புதிய மென்பொருளைக் கொண்ட அன்றே அதனைத் தமிழிலேயே படித்துக் கொள்வான்.