பல்கலைக்கழக வாசலில் முற்றும் போடுகிறவர்கள்

மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு ஒரு சூத்திரம் உண்டு. விடியற்காலை நாலரை மணி. பெரட்டுக்களம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா வெட்டுக்காட்டுக்குப் போகிறாள். அப்பா சம்சு குடிக்கிறார். தண்டல் ஏசுகிறான். மகன் லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கிறான். கடைசிப் பத்தியில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வருகிறது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள். முற்றும்.

எந்தப் போட்டித் தொகுப்பை வேண்டுமானாலும் புரட்டிப் பாருங்கள், இந்தக் கதை குறைந்தது ஒன்றாவது இருக்கும். கதை எங்கே ஆரம்பிக்கணுமோ அங்கே கொண்டுபோய் முற்றும் போட்டிருப்பார்கள். கடிதம் வந்த பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விடுதிக் கதவைத் திறந்தானே, உள்ளே யார் இருந்தார்கள்? அவர்களோடு என்ன மொழியில் பேசினான்? மதியம் எங்கே சாப்பிட்டான்? யார் கூடச் சாப்பிட்டான்? அடுத்த நாலு வருஷம் என்ன ஆனான்? இதைப் பற்றி நம் இலக்கியத்தில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

தோட்டத்தைப் பற்றி எழுதக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. 1970-களில் அகிலன் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டு ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். சீ. முத்துசாமியின் ‘மண்புழுக்க’ளும் ம. நவீனின் ‘பேய்ச்சி’யும் உள்ளேயிருந்து எழுதப்பட்டவை. அவையெல்லாம் தேவையான நாவல்கள். என் சண்டை அவர்களோடு இல்லை. 2020-களிலும் 1975-ஐயே நகலெடுத்துக்கொண்டிருப்பவர்களோடுதான். சுங்கை சிப்புட்டிலிருந்து தாப்பா வரைக்கும் ஒரு தடவை காரில் போய்ப் பாருங்கள். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை நிற்கிறது, இல்லாவிட்டால் வீடமைப்புத் திட்டத்தின் விளம்பரப் பலகை நிற்கிறது. லயத்தை இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் சில இடங்களில் தனியாக மிஞ்சியிருக்கிறது. அங்கிருந்து கிளம்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது வளாகங்களில் இருக்கிறார்கள். கதை மட்டும் அவர்களோடு போகவில்லை.

பேராக் மாநிலமும் மாறிவிட்டது. தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது 1997-இல் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமானது. அதே 1997-இல் ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வந்தது. 2002-இல் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் 2007-இல் கம்பாரில் வளாகம் திறந்தது. அது பழைய ஈயச் சுரங்க நிலம். சுரங்கம் தோண்டிய குளங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன. ஈயமும் ரப்பரும் ஏற்றுமதி செய்த மாநிலம் இன்று பட்டதாரிகளை ஏற்றுமதி செய்கிறது. ஈயத்துக்கும் ரப்பருக்கும் நம்மிடம் பாட்டு இருக்கிறது, கதை இருக்கிறது. மூன்றாவதுக்கு எதுவும் இல்லை.

கம்பாரையே எடுத்துக்கொள்வோம். சீனாவிலிருந்து வரும் மாணவர்கள்தான் இன்று மலேசியப் பல்கலைக்கழகங்களில் படிக்கும் வெளிநாட்டவர்களில் பெரிய கூட்டம். அப்படி ஒருவன் கம்பாரில் வந்து இறங்குகிறான் என்று வையுங்கள். கடைப்பலகையில் சீன எழுத்து இருக்கிறது. சோற்றுக்கடைக்காரரிடம் மாண்டரினில் கேட்டால் மாண்டரினில் பதில் வருகிறது. அதே நாளில் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் வருகிறான். எழுபது கிலோமீட்டர்கூட இருக்காது. அதே கடையில் அவன் விரலால் காட்டித்தான் சோறு வாங்குகிறான். அதில் பன்றி இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்று கேட்கத் தடுமாறுகிறான். கடப்பிதழைப் பார்த்தால் முதலாமவன் வெளிநாட்டவன். சோற்றுத் தட்டைப் பார்த்தால் யார் வெளிநாட்டவன்? இதில் கடைக்காரர் மேல் தப்பில்லை, சீனாக்காரப் பையன் மேலும் தப்பில்லை. எழுத்தாளன் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. நாம் நிற்கவில்லை.

மொழியைப் பாருங்கள். 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்ற திட்டம் வந்தபோது ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள் என் வயதுக்காரர்கள். தமிழ்ப்பள்ளியில் தமிழ் வாத்தியார் ஆங்கிலத்தில் கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுத்தார். இடைநிலைப்பள்ளிக்குப் போனால் வரலாறு மலாயில். பல்கலைக்கழகத்தில் பாடம் ஆங்கிலத்தில். குழுவேலை என்று உட்கார்ந்தால் மேசையில் மாண்டரின். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பு என்று பிரச்சாரம் செய்கிறோம், நல்லது. அனுப்பப்பட்ட பிள்ளை இத்தனை மொழிகளுக்கு நடுவில் எந்த மொழியில் யோசித்தது, எதில் பயந்தது என்று யாராவது கேட்டோமா?

அந்த மேசையை வெளியே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆறு பேர். பாலத்தின் பளு கணக்கு. முதல் பத்து நிமிஷம் ஆங்கிலம் ஓடும். பிறகு ஒருவனுக்கு அவசரம், மாண்டரினுக்குத் தாவுவான். மற்ற நாலு பேரும் தாவுவார்கள். அவர்கள் உன்னை வெறுக்கவில்லை. உன்னை மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். வெறுத்தால் சண்டை போடலாம், மறந்தவனிடம் என்ன சண்டை? ‘சாரி, சாரி’ என்று ஆங்கிலத்துக்குத் திரும்புவார்கள், மறுபடி தாவுவார்கள். புலனத்தில் குழு ஆரம்பித்தால் அங்கேயும் இதே கதை. நான் படித்த இடத்தில் ஒரு பருவம் முழுக்க அறிக்கையைத் தட்டச்சு செய்யும் வேலைதான் எனக்கு வந்தது, முடிவுகள் எடுக்கப்பட்ட மொழி எனக்குத் தெரியாததால். அடுத்த மேசையில் நம் பையன்கள் நாலு பேர் உட்கார்ந்து தமிழில் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள், அவர்கள் நடுவில் ஒரு மலாய்க்காரப் பெண் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். ஒரு தரப்பை மட்டும் வில்லனாக்கினால் கதை கெட்டுப்போகும். இரண்டு மேசையையும் ஒரே கண்ணால் பார்க்க வேண்டும்.

பெயர் விஷயமும் அப்படித்தான். நம் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ நிற்கும். மகன், மகள் என்று மலாயில் சொல்வதன் சுருக்கம். சில இணையப் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது. குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும் படிவத்தில் அப்பா பெயரைப் போட்டால் நாலு வருஷம் உங்களை அப்பா பெயரில்தான் கூப்பிடுவார்கள். தோட்டத்தில் மரம் வெட்டிய மனுஷன் பெயரை விரிவுரையாளர் வருகைப்பதிவில் வாசிக்க, மகன் கை தூக்குகிறான். சிறுகதைக்கு வேறு என்ன வேண்டும்?

இன்னொன்று சொல்கிறேன். என் அறைத்தோழன் சித்தியவான் பையன். 1903-இல் ஃபூச்சோவ் சீனர்கள் குடியேறி ரப்பர் போட்ட ஊர் அது. இரண்டு மாதம் ‘ஹாய்’, ‘சாப்பிட்டியா’ தவிர எங்களுக்குள் பேச்சே இல்லை. ஒரு மழை நாளில் கரண்ட் போனபோதுதான் தெரிந்தது, அவன் பாட்டியும் பால்மரம் வெட்டியவர். என் பாட்டி கம்பெனி மரம் வெட்டினாள், அவன் பாட்டி சொந்த மரம் வெட்டினாள். இரண்டு பேருக்கும் மழை பெய்தால் வேலை இல்லை. வெட்டுக்கத்தி எப்படி வளைந்திருக்கும் என்று இருட்டில் கையால் காட்டிக்கொண்டோம், அரைகுறை ஆங்கிலத்தில். இந்தக் கதை தோட்டத்தில் நடக்க வழியே இல்லை, அந்த இரண்டு பாட்டிகளும் சந்திக்க வாய்ப்பில்லாத ஆட்கள். விடுதியில்தான் நடக்கும். தோட்டக் கதையின் அடுத்த அத்தியாயமே அங்கேதான் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

படிக்கப் போனவனின் அன்றாடத்தைச் சீனர்கள் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். யுங் விங் 1854-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார், பின்னால் தன் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். அவர் முயற்சியால் 1872 முதல் 120 பையன்களைச் சீன அரசு அமெரிக்காவுக்கு அனுப்பியது. அங்குள்ள குடும்பங்களில் தங்கினார்கள், பேஸ்பால் ஆடினார்கள், பின்னிய சடையோடு பள்ளிக்குப் போனார்கள். பையன்கள் ரொம்ப அமெரிக்கர்களாகிவிட்டார்கள் என்று 1881-இல் அரசு திரும்பக் கூப்பிட்டுக்கொண்டது. அவர்களில் ஒருவரான ஜான் தியான்யூ பிறகு சீனாவின் ரயில் பாதை போட்ட பொறியியலாளர். 1960-களில் தைவானில் ‘வெளிநாட்டு மாணவர் இலக்கியம்’ என்று ஒரு வகைமையே உருவானது. அமெரிக்காவில் படித்த யூ லிஹுவா 1967-இல் ஒரு நாவல் எழுதினார். பத்து வருஷம் கழித்து முனைவர் பட்டத்தோடு ஊர் திரும்புகிறவனைக் குடும்பமே கொண்டாடுகிறது. அங்கே பட்ட தனிமையை அவனால் யாரிடமும் சொல்லமுடியவில்லை. பட்டத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த வாய்மூடல்தான் நாவல்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஈப்போவில் பிறந்த லி ச்சிஷு 2020-இல் தன் ஊர்ச்சாயலில் எழுதிய சீன நாவலில், முடிதிருத்துபவரின் மகனான ஓர் இந்தியப் பையன் படித்து வழக்கறிஞராகிறான். நம் பையனைச் சீன மொழி கவனித்துவிட்டது. நம்மவரான கெடா கே.எஸ். மணியம் படிப்பு ஒருவனைக் குடும்பத்திலிருந்து பிரிப்பதை 1981-லேயே ‘தி ரிட்டர்ன்’ நாவலில் எழுதினார், ஆங்கிலத்தில். தமிழ் எங்கே இருந்தது? வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இதற்கு வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். ஒன்று: ‘தோட்டத்தில் ரத்தம் சிந்தினோம், இவன் சாப்பாட்டு மேசையைப் பற்றிப் பேசுகிறான்.’ ரத்தம் சிந்தியது எதற்கு? இவன் அந்த மேசையில் உட்கார வேண்டும் என்றுதானே? உட்கார்ந்த பிறகு என்ன ஆனது என்று பார்க்க மறுப்பது அந்த ரத்தத்துக்கே மரியாதை இல்லை.

இரண்டு: ‘இன விஷயம், மாணவர்களுக்குப் பிரச்சினை வரும்.’ 1971-இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் மாணவர் வாயை நீண்ட காலம் கட்டிவைத்தது உண்மை. ஆனால் வளாகத்துக்குள் அரசியல் கூடாது என்ற தடையை 2018 டிசம்பரில் நாடாளுமன்றமே எடுத்துவிட்டது. அரசியலுக்கே தடை போன பிறகு அறைத்தோழனைப் பற்றிச் சிறுகதை எழுத யாருக்குப் பயம்?

மூன்றாவது பதில்தான் கனமானது: ‘முதலில் இடம் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம்.’ மெட்ரிகுலேஷனில் 90-க்கு 10 என்ற பங்கீடு அநியாயம்தான். 2019-இல் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக்கினார்கள், பங்கீட்டைத் தொடவில்லை. அதற்காகச் சண்டை போடத்தான் வேண்டும். ஆனால் நம் அரசியலும் வாசலோடு நிற்கிறது, பத்திரிகையும் வாசலோடு நிற்கிறது. தேர்வு முடிவு வந்தால் படம், பட்டமளிப்பு அன்று இன்னொரு படம், நடுவில் காலி. உள்ளே போன பிள்ளை இரண்டாம் வருஷம் பாதியில் நின்று பினாங்கு தொழிற்சாலைக்குப் போனால் அதற்குப் படம் கிடையாது. லயத்து வாசலில் அவன் அம்மாவிடம் ‘தம்பி எப்போ முடிக்குது’ என்று கேட்பவர்கள் மட்டும் இருப்பார்கள். கணக்கு வராமல் நின்றானா, பிடிபிடிஎன் கடன் போதாமல் நின்றானா, பேச ஆளில்லாமல் நின்றானா? அதைச் சொல்ல வேண்டியது இலக்கியம். இலக்கியமும் படம்தான் பிடிக்கிறது.

போட்டி நடத்தும் இயக்கங்களுக்கு ஒரு கோரிக்கை. அடுத்த வருஷம் விதிமுறையில் ஒரு வரி சேருங்கள்: பல்கலைக்கழகக் கடிதத்தோடு முடியும் கதைகள் ஏற்கப்படாது. நடுவர் நாற்காலியில் முப்பது வயதுக்குக் கீழே ஒருத்தரை உட்கார வையுங்கள். இப்போது விடுதியில் இருந்துகொண்டு கைப்பேசியில் இதைப் படிக்கும் தம்பி தங்கைகளே, தாத்தாவின் தோட்டத்தைப் பார்க்காமலே அதைப் பற்றி எழுதிக்கொண்டிருக்காதீர்கள். நேற்று மதியம் யாரோடு சாப்பிட்டீர்கள், என்ன மொழியில் பேசினீர்கள், எதைச் சொல்லாமல் விட்டீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.