படிவத்தை யார் நிரப்புவது?

எஸ்.பி.எம். முடிவு வரும் நாளில் நம் வீடுகளில் மகிழ்ச்சிக்குக் குறைவில்லை. பிள்ளை தேறிவிட்டான் என்று மாரியம்மனுக்கு அர்ச்சனை செய்கிறோம். அண்டை அயலாருக்கு இனிப்புக் கொடுக்கிறோம். மறுநாள் எழுகிற கேள்விக்குத்தான் விடை சொல்ல வீட்டில் ஆளில்லை. இனி எங்கே சேர்வது? எந்தக் கதவைத் தட்டுவது?

கதவு ஒன்றல்ல என்பதுதான் தொல்லை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் டிப்ளோமாவுக்கும் போலிடெக்னிக்குக்கும் யு.பி.யு. வழியாக மனுச் செய்ய வேண்டும். மெட்ரிகுலேஷனுக்கு வேறு மனு. ஆசிரியர் பயிற்சிக் கழகத்துக்கு இன்னொரு மனு. அதற்கு நேர்முகத் தேர்வும் உண்டு. எல்லாம் இணையத்தில்; எல்லாவற்றுக்கும் கெடு உண்டு. எந்தப் படிப்பை முதலில் எழுதுவது, எதைப் பின்னால் எழுதுவது என்பதிலேயே ஒரு பிள்ளையின் எதிர்காலம் தொங்குகிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, மங்கு துடைத்து, பாலை நிறுவைக்குக் கொண்டு சேர்க்கும் தாய் தந்தையரிடம் இதை நீட்டி, 'நிரப்புங்கள்' என்றால் நியாயமா? கிராணிமாராகிய நாமும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். செக்ரோல் எழுதிப் பழகிய கைக்கும் இந்தப் படிவம் புதிதுதான்.

இந்த இருட்டில்தான் தரகர் நுழைகிறார். வழுவழுப்பான தாளில் விளம்பரம், 'இடம் உறுதி, கடன் உறுதி' என்ற வாய்ப்பேச்சு, உடனே முன்பணம். அந்தப் படிப்புக்கு எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா என்று கேட்க வேண்டுமென்பதே நம்மவர் பலருக்குத் தெரிவதில்லை. அங்கீகாரமில்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடையாது. 2007 முதல் இயங்கும் எம்.கியூ.ஏ.யின் பதிவேட்டை எவரும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. அதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் சேமநிதிப் பணத்தைக் கரைத்த குடும்பங்களை நாம் அறிவோம்.

ஆறாம் படிவத்தை நம்மவர் அலட்சியம் செய்வதும் நமக்கு உடன்பாடில்லை. மூன்று தவணைப் படிப்பு, செலவு குறைவு, எஸ்.டி.பி.எம். சான்றிதழுக்கு வெளிநாட்டிலும் மதிப்புண்டு. 'கடினம்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். கடினந்தான்; மரம் சீவுவது மட்டும் எளிதா?

10 ஏ பெற்றவருக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அன்வார் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் 10 ஏ பெற்ற பிள்ளைக்கு வழி சொல்ல ஊரே வரும். இரண்டு ஏயும் சில கிரெடிட்டும் வாங்கிய பிள்ளைக்கு யார் வருவார்?

மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா 1982-இல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் நம் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டு சேர்த்தது. ஆயினும், கேரித் தீவிலிருந்து ஒரு பெண் பிள்ளை பிரிக்பீல்ட்ஸுக்கு மாலை வகுப்புக்கு வந்து திரும்புவது நடக்கிற காரியமா? 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, பாடம் கைப்பேசியிலும் வரும் என்பதை நாடு கண்டது. அதே ஆண்டு சபாவில் ஒரு மாணவி பரீட்சை எழுத இணையத் தொடர்பு தேடி மரத்தில் ஏறியதையும் கண்டது. இரண்டையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

நாம் கேட்பது பெரிய காரியமன்று. பல்கலைக்கழகத்தில் படிக்கும் தோட்டத்துப் பிள்ளை ஒவ்வொருவரும் மேல்படிவ மாணவர் மூவரைப் பொறுப்பேற்று, வாரம் ஒரு மணி நேரம் கைப்பேசி வழி பேசட்டும். படிவத்தைச் சரிபார்க்கலாம், எம்.யு.இ.டி. கட்டுரையைத் திருத்தலாம், நேர்முகத் தேர்வுக்குப் பழக்கலாம். 'எனக்குக் கணக்கு வராது' என்று சுருண்டுவிடும் பிள்ளையிடம், 'எனக்கும் வரவில்லை. இப்படித்தான் படித்தேன்' என்று சொல்லலாம். இதை எந்தக் கையேடும் சொல்லாது. பெண் பிள்ளைகளுக்குப் பெண்களே வழிகாட்டட்டும். பேச்சு பெற்றோர் அறிய நடக்கட்டும்.

தோட்ட நிர்வாகங்களையும் கேட்கிறோம். பால் கணக்கு அனுப்ப ஆபீசுக்கு வருகிற இணையம் லயத்துக்கு மட்டும் வராதா? மாலையில் இரண்டு மணி நேரம் தோட்ட மண்டபத்தைத் திறந்து, இணையத் தொடர்பும் கொடுங்கள். கிளைகள் அடுத்த செயற்குழுவிலேயே இதைத் தீர்மானமாக்கி நிர்வாகத்துக்கு அனுப்புக.

தோட்டம் விற்கப்பட்டுக் கிள்ளான், ஷா ஆலம் அடுக்குமாடிகளுக்குக் குடிபோனவர் பிள்ளைகளையும் விட்டுவிடலாகாது. எந்த வீட்டில் எந்தப் படிவத்தில் பிள்ளை படிக்கிறது, எவர் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார் என்ற பட்டியலைக் கிராணிமார் எடுக்க வேண்டும். அடுத்த முடிவு வெளிவருமுன் அது ஒவ்வொரு கிளையின் கையிலும் இருக்கட்டும்.