பெட்டியைச் சும்மா கொடுத்தாலும் நட்டம்தான்!

போன வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து மாமா போன். வழக்கமாக "சாப்டியா, பரீட்சை எப்போ" என்று இரண்டு கேள்வியோடு முடிந்துவிடும். இந்த முறை நேராக மேட்டருக்கு வந்துவிட்டார்.

"மருமவனே, நீ பி.காம்தான படிக்க. இந்த ஹைட்ரஜன் கரண்டுன்னு சொல்லுதாங்களே, அதுல துட்டு போடலாமாடே?"

விஷயம் இதுதான். யாரோ ஒருவர் பளபளப்பான நோட்டீஸோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டுக்கு வீடு ஃப்யூயல் செல் வரப்போகிறதாம். ஏரியா டீலர்ஷிப்புக்கு மூணு லட்சம் டெபாசிட்டாம். முதலில் வருபவருக்கே முன்னுரிமையாம். மாமா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த மூணு லட்சம் அத்தையின் முழங்கால் ஆபரேஷனுக்கு என்று ஒதுக்கி வைத்த பணம். நோட்டீஸ்காரர் தினமும் போன் பண்ணுகிறார்.

இந்தப் பக்கம் நம்ம கிளாஸ் மக்கள். ப்ளூம் எனர்ஜி பங்கு ஏறிய ஏற்றத்தைப் பார்த்துவிட்டு, பெயரில் 'ஹைட்ரஜன்' என்று இருந்தாலே "அடுத்த மல்டிபேக்கர்" என்று ஃபார்வர்டு பண்ணிக்கொண்டு திரிகிறார்கள். மாமாவுக்கும் மக்களுக்கும் சேர்த்து ஒரே பதிவாகப் போட்டுவிடலாம் என்றுதான் இது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்யூயல் செல் டுபாக்கூர் இல்லை. அசல் விஞ்ஞானம். ஆனால் 'வீட்டுக்கான ஃப்யூயல் செல்' என்பது கால் நூற்றாண்டாக முதலீட்டாளர்களின் பணத்தைத் தின்ற கதை. நம்ம திருநெல்வேலிச் சீமையிலோ, பெட்டியை இலவசமாகவே கொடுத்தாலும் அது நட்டம். கணக்கோடு சொல்கிறேன், சண்டைக்கு வருபவர்கள் கணக்கோடு வரவும் :-)

முதலில் இது என்ன?

ஹைட்ரஜனை எரிக்காமலேயே ஆக்ஸிஜனோடு சேர்த்து மின்சாரம் எடுக்கும் பெட்டி. கூடவே வெப்பமும் தண்ணீரும் வரும். 1839-லேயே வில்லியம் குரோவ் என்ற வேல்ஸ் நாட்டுக்காரர் கண்டுபிடித்துவிட்டார். அப்பல்லோ விண்கலங்களில் மின்சாரம் கொடுத்ததும் இதுதான், அதிலிருந்து வந்த தண்ணீரைத்தான் விண்வெளி வீரர்கள் குடித்தார்கள். வீட்டு மாடலில் ஹைட்ரஜனை நேரடியாக ஊற்ற மாட்டார்கள். இயற்கை எரிவாயு அல்லது எல்.பி.ஜி-யைக் கொடுத்தால் பெட்டியே ஹைட்ரஜனைப் பிரித்துக்கொள்ளும். அதாவது, கேஸ் வாங்கித்தான் கரண்ட் எடுக்கணும். இதை மறந்துடாதீங்க.

சிலிண்டர் கணக்கு

நம்ம தெருக்களில் பெரும்பாலும் சிலிண்டர்தான். ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ. ஒரு கிலோ எல்.பி.ஜி-யில் சுமார் 12.8 யூனிட் ஆற்றல் இருக்கிறது. மொத்தம் 182 யூனிட் என்று வையுங்கள். வீட்டு ஃப்யூயல் செல் அதில் சுமார் 40 சதவீதத்தை மின்சாரமாக மாற்றும். ஆக, சிலிண்டருக்கு 73 யூனிட். சிலிண்டர் விலை 900 ரூபாய் என்று ரவுண்டாக வைத்தால் ஒரு யூனிட் 12 ரூபாய்க்கு மேல்.

நல்ல உசத்தியான மாடல், 60 சதவீதம் எடுக்கும் என்கிறீர்களா? அப்போதும் 8 ரூபாய் சொச்சம்.

இப்போ ஈ.பி. பில்லை எடுங்க. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலை கட்டணப்படி அதற்கு மேல் 400 வரை யூனிட் ஐந்து ரூபாய்க்குள். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு என்னதான் கூட்டினாலும் பில் ஆயிரத்தைத் தாண்டாது. அதே 300 யூனிட்டை ஃப்யூயல் செல்லில் எடுக்க நாலு சிலிண்டருக்கு மேல் வேணும். சுமார் 3,700 ரூபாய்!

இதில் பெட்டியின் விலையை நான் சேர்க்கவே இல்லை. தேய்மானம் இல்லை, வட்டி இல்லை, சர்வீஸ் இல்லை. பேபேக் பீரியட் போடலாம் என்று உட்கார்ந்தால் வகுக்கவே வழியில்லை, ஏனென்றால் மிச்சம் என்ற ஒன்றே கிடையாது. போட்ட முதல் எத்தனை வருஷத்தில் திரும்பும் என்ற கேள்விக்குப் பதில், திரும்பாது.

"ஈ.பி. கரண்ட் மானியத்தில் வருதுப்பா, நிஜ அடக்கவிலை அதிகம்" என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். ஆனால் விற்க வருபவன் போட்டி போட வேண்டியது வாரியத்தின் அடக்கவிலையோடு இல்லை, நாம் கட்டும் பில்லோடு.

"பவர் கட்டுக்கு?" 2012-ல் தமிழ்நாட்டில் மணிக்கணக்கில் கரண்ட் போன காலத்தில்கூட ஊர் வாங்கியது இன்வெர்ட்டரும் பேட்டரியும்தான். ஜனங்களுக்குக் கணக்கு தெரியும்.

ஜப்பானில் மட்டும் எப்படி?

நியாயமான கேள்வி. நோட்டீஸிலும் ஜப்பான் படம்தான் போட்டிருக்கிறதாம். அங்கே 2009-ல் 'எனெ-ஃபார்ம்' என்ற பெயரில் வீட்டு ஃப்யூயல் செல் விற்பனைக்கு வந்தது. ஒரு கிலோவாட்டுக்கும் உட்பட்ட பெட்டி. உலகத்திலேயே அதிகமாக விற்ற வீட்டு ஃப்யூயல் செல் அதுதான். லட்சக்கணக்கில் விற்றிருக்கிறார்கள், மறுக்கவில்லை.

ஆனால் அது ஓடுவதன் ரகசியம் கரண்ட் இல்லைங்க, வெந்நீர்! மின்சாரம் எடுத்தது போக மிஞ்சும் வெப்பத்தை வைத்துத் தொட்டித் தண்ணீரைச் சுட வைக்கிறார்கள். குளிர்காலத்தில் உறையும் ஊர், தினமும் ராத்திரி தொட்டி நிறைய வெந்நீரில் ஊறிக் குளிக்கும் ஜனங்கள். அவர்களுக்கு அந்த வெப்பம் காசு. இரண்டையும் சேர்த்தால் எரிவாயுவில் 90 சதவீதம் வரை பயனாகிறது.

நமக்கு? சித்திரையில் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வருது. குறுக்குத்துறையில் முங்கி எழுந்திருக்கிற ஊரில், குற்றாலத்தில் சீசன் எப்போ என்று காத்துக்கிடக்கிற ஊரில், தினமும் தொட்டி தொட்டியாக வெந்நீரை வைத்து என்ன செய்ய? மார்கழியில் தாத்தாவுக்கு இரண்டு வாளி. அம்புட்டுதான். ஜப்பான்காரனுக்கு வருமானமாகும் பாதி நமக்குப் புழுக்கமாகும்.

சரி, அந்த ஜப்பானிலாவது முதலீடு பிரமாதமா? ஆரம்பத்தில் பெட்டி விலை 30 லட்சம் யென்னுக்கு மேல். அரசு 14 லட்சம் யென் வரை மானியம் கொடுத்தது. 2020-க்குள் 14 லட்சம் வீடுகள் என்பது அரசின் இலக்கு. அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பெரிய தயாரிப்பாளர்களில் ஒன்றான தோஷிபா 2017-லேயே வீட்டுப் பெட்டித் தயாரிப்பை மூடிவிட்டது. உலகத்திலேயே தோதான சந்தையின் லட்சணம் இது.

பணம் போட்டவர்கள் கதை

இது புதுசு என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் ஃபிளாஷ்பேக்.

ஒன்று: ப்ளக் பவர். அமெரிக்கக் கம்பெனி. 1999 அக்டோபரில் பங்கு 15 டாலருக்கு வெளியீடு. ஜெனரல் எலக்ட்ரிக்கோடு கூட்டு. வீட்டுக்கு வீடு பெட்டி, விற்பனை சீக்கிரமே என்றார்கள். 2000 தொடக்கத்தில் பங்கு நூறு டாலரைத் தாண்டியது. 2002-ல் பத்து டாலருக்கும் கீழே. வீட்டுச் சந்தையை விட்டுவிட்டு, கிடங்குகளில் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 2021-ல் ஹைட்ரஜன் மோகத்தில் மறுபடி 70 டாலருக்கு மேல். 2025-ல் ஒரு டாலருக்கும் கீழே. ஒரே கம்பெனி, இரண்டு தலைமுறையைச் சேர்ந்த முதலீட்டாளர்களுக்கு மொட்டை!

இரண்டு: செராமிக் ஃப்யூயல் செல்ஸ். ஆஸ்திரேலியா. மேலே சொன்ன 60 சதவீதம் எடுக்கும் உசத்தியான பெட்டி இவர்களுடையதுதான். தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. 2015-ல் திவால் நிலைக்குப் போனது. நல்ல பொருள் வேறு, நல்ல முதலீடு வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எந்த டெக்ஸ்ட் புக்கிலும் இல்லை.

மூன்று: நம்ம மக்கள் கொண்டாடும் ப்ளூம் எனர்ஜி. நிறுவனர் கே.ஆர்.ஸ்ரீதர், திருச்சி ஆர்.இ.சி-யில் படித்தவர். நமக்கும் பெருமைதான். 2010 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தன் பெட்டியைக் காட்டியபோது, ஐந்து முதல் பத்து ஆண்டுகளில் 3,000 டாலருக்கும் குறைவாக வீடுகளுக்கு வரும் என்றார். பத்து ஆண்டு முடிந்து பல வருஷம் ஆச்சு. வீட்டுப் பெட்டியைக் காணோம். பங்கு 2018-ல் 15 டாலருக்கு வெளியாகி 2019-ல் 3 டாலருக்கும் கீழே போனது. பிறகு 2025 அக்டோபரில் நூறு டாலரைத் தாண்டியது. எதனால்? ஏ.ஐ. டேட்டா சென்டர்களால். புரூக்ஃபீல்டு நிறுவனம் 500 கோடி டாலர் வரை போடுவதாக அறிவித்ததும் அதற்காகத்தான்.

இங்கேதான் நம்ம பசங்க சறுக்குகிறார்கள். டேட்டா சென்டர்காரனுக்குக் கிரிட் இணைப்பு கிடைக்க வருஷக்கணக்கில் ஆகும். உடனே கரண்ட் கிடைத்தால் யூனிட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயார். அம்பாசமுத்திரத்தில் நாலு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ் ஓட்டும் வீட்டுக்கு அந்த அவசரம் கிடையாது. ப்ளூம் ஜெயித்தது வீட்டை மறந்ததால்தான். அதைக் காட்டி வீட்டுப் பெட்டியை விற்பது, விமானக் கம்பெனி லாபத்தைக் காட்டி மாட்டு வண்டிக்குச் சீட்டுப் பிடிப்பது மாதிரி.

"மகேந்திரகிரி பக்கத்துலதான இருக்கு?"

நோட்டீஸ்காரர் மாமாவிடம் அடித்துவிட்ட அஸ்திரம் இது. ஆமாம், நம்ம மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ திரவ ஹைட்ரஜனை வைத்து கிரையோஜெனிக் இன்ஜின்களைச் சோதிக்கிறது. 2024 ஜனவரி 1-ல் போன பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட்டில் இஸ்ரோ ஒரு ஃப்யூயல் செல்லையே அனுப்பிச் சோதித்து 180 வாட் எடுத்தது. அருமை. ஆனால் விண்வெளியில் ஈ.பி. கம்பம் கிடையாது. அங்கே யூனிட் என்ன விலை என்று யாரும் கேட்பதில்லை.

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் பசுமை ஹைட்ரஜன் சோதனை நிலையம் திறந்தார்கள். செலவு 3.87 கோடி. மணிக்குப் பத்து கன மீட்டர். எடை போட்டால் ஒரு கிலோவுக்கும் குறைவு. சோதனைக்குச் சரி, தேவையும்கூட. அதை வைத்து டீலர்ஷிப் விற்பது சரியில்லை.

"சோலாரில் ஹைட்ரஜன் தயாரித்து, ராத்திரி ஃப்யூயல் செல்லில் ஓட்டலாமே?" தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 யூனிட்டுக்கு மேல் ஆகும். அந்த ஒரு கிலோவிலிருந்து திரும்பக் கிடைப்பது சுமார் 16 யூனிட். நூறு ரூபாய் போட்டு முப்பது சொச்சம் எடுக்கும் வியாபாரம். பேட்டரியில் போட்டால் 85-க்குக் குறையாமல் திரும்பி வரும்.

நம்ம ஆற்றங்கரையில் எது தேறியது?

மக்களே, இந்தப் பள்ளத்தாக்கில் எரிசக்தி முதலீடு தேறாமல் இல்லை. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை போட்டது பாபநாசத்தில் விழும் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தை நம்பி. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம். 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் காற்றாலை, பிறகு முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் என்று காடு முழுக்கக் காற்றாடி. இப்போது கங்கைகொண்டானில் டாடாவின் 4.3 கிகாவாட் சோலார் ஆலை, 2024-ல் செல் உற்பத்தியும் தொடங்கிவிட்டது.

காற்றாலைக்கு 1990-களில் நூறு சதவீதத் தேய்மானச் சலுகை கிடைத்தது, சோலாருக்கும் மானியம் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்க. தண்ணி, காத்து, வெயில் மூன்றுக்கும் மாதாமாதம் பில் வராது. சலுகை ஒரு தடவை தூக்கிவிட்டால் பிறகு தானே நடக்கும். ஃப்யூயல் செல்லுக்கு ஆயுசு முழுக்கத் தீனி போடணும். "சோலார் விலை இறங்கின மாதிரி இதுவும் இறங்கும்" என்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. பெட்டி விலை இறங்கலாம், சிலிண்டர் விலை இறங்குமா?

கையில் பணம் இருந்து, வீட்டுக் கரண்டில்தான் போடணும் என்றால் மாடியில் சோலார் போடுங்க. 2024-ல் வந்த பிரதமரின் சூர்யா கர் திட்டத்தில் மூணு கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். அதிலும் பில் கம்மியாக வரும் வீட்டுக்கு முதல் திரும்ப நாளாகும், அதையும் கணக்குப் போட்டே இறங்குங்க.

மாமாவுக்கு

நோட்டீஸ்காரர் மறுபடி வந்தால் மூணே கேள்வி கேளுங்க மாமா. பெட்டிக்கு என்ன எரிவாயு, அதை யார் என்ன விலைக்குக் கொடுப்பாங்க? ஒரு யூனிட் எவ்வளவு விழும், எழுதிக் கொடுப்பீங்களா? இந்த ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டைக் காட்ட முடியுமா? மூணுக்கும் பதில் வந்தால் என்னைக் கூப்பிடுங்க, நானே அம்பைக்கு வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

ஈமு கோழியில் பணம் போட்ட 2012-ஐ நாம் பார்த்தாச்சு. கோழியாவது கண்ணுக்குத் தெரிந்தது.

நேற்று போனில் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "வெந்நி மேட்டர்தான்டே எனக்கு வெளங்குச்சு" என்றார். டெபாசிட் கட்டச் சொன்ன கெடு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அத்தையோடு ஹைகிரவுண்டு பக்கம் டாக்டரைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரட்டும்.

டிஸ்கி: நான் எந்தப் பங்கும் வைத்திருக்கவில்லை. வாங்கக் காசும் இல்லை :-) கணக்கில் தப்பு இருந்தால் சொல்லுங்க, திருத்திக்கொள்கிறேன். "ப்ளூம் இன்னும் ஏறும் பாரு" என்று மட்டும் சொல்ல வேண்டாம். ஏறட்டும். நான் பேசுவது நம்ம வீட்டைப் பற்றி.