உறைபனியில் காரட்டுக்கு மட்டுமா காப்பு?

நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனிக் காலம். தலைக்குந்தா போன்ற தாழ்வான இடங்களில் வெப்பநிலை பூஜ்யம் டிகிரியைத் தொடுவதுண்டு. நாற்றுக்கு என்ன மூடாக்கு இடலாம் என்று கேட்கும் விவசாயிகள் பலர். விடியுமுன் காரட் பிடுங்க வரும் ஆட்களுக்கு என்ன காப்பு என்று கேட்பவர் அரிது.

வானம் தெளிந்து காற்றடங்கிய இரவில் பயிர் தன் வெப்பத்தை வான்நோக்கிக் கதிர்வீசி இழக்கிறது. மனித உடலும் அவ்வாறே. வீசும் காற்றும், கால்படும் ஈரமண்ணும் மேலும் பறிக்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. உறைபனியில் பயிருக்கு நீர் தெளிக்கிறோம். அந்நீர் உறையும்போது வெப்பத்தை வெளிவிட்டு இலையைக் காக்கிறது. மனிதனுக்கு நனைதலே கேடு. அசையாத காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். சட்டையில் ஊறிய கால் லிட்டர் நீர் உலர்வதற்குச் சுமார் 145 கிலோ கலோரி வேண்டும். அதில் நல்ல பங்கை உடல்தான் கொடுக்கிறது. பனியில் நனைந்த காரட் தழைக்குள் கைவிட்டு, ஈரக் கோணிப்பையை முதுகில் சுமப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தலை வழியாகவே பெரும்பகுதி வெப்பம் போய்விடும் என்பது தவறான நம்பிக்கை. தலையின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான். மஃப்ளர் நல்லதே, ஆனால் அதற்குமுன் நீர்புகா மேலாடை, ரப்பர் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ், மாற்றுத் துணி ஆகியவை வேண்டும். சாராயம் சூடு தரும் என்பாரும் உளர். அது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றிவிடும். சூடு தெரிவது தோலில் மட்டுமே. மூடிய அறையில் கரி அடுப்பு மூட்டுவதோ உயிருக்கே ஆபத்து.

உள்ளுடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கை தடுமாறும், பேச்சு குழறும். நடுங்கியவர் நடுக்கம் நின்று சோர்ந்தால் தேறிவிட்டார் என்று எண்ண வேண்டாம்; உடனே ஈரத் துணியை மாற்றிக் கம்பளியால் போர்த்தி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

வெயில் வந்தபின் பிடுங்கினால் லாரிக்கு நேரமாகிவிடும் என்பர். என் கருத்து, முதல்நாள் பிற்பகலிலேயே பிடுங்கிக் கோணியால் மூடி வைக்கலாம். மலைக்குளிரில் ஓர் இரவில் காரட் வாடிவிடாது.