பன்னிரண்டு சிசி

மாம்பழச்சாலை தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறும்போது பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "சார், கொசு மருந்து வண்டியா?" என்று கேட்டுவிட்டு முந்திப் போனார். கண்ணாடியில் பார்த்தேன். பாலம் பூராவும் நீலப் புகை.

அப்பா 1996-ல் வாங்கிய மாருதி 800. அவர் போய் ஒன்பது வருஷமாகிறது, வண்டி இருக்கிறது. ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் எதிரே தண்ணீர் லாரி வந்தாலும் ஒதுங்கிக்கொள்ளும் அகலம் அதற்குத்தான் உண்டு. இன்றைக்கு விற்கிற புதுக் கார்களில் ஒன்றை அடையவளஞ்சான் வீதியில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

பாலக்கரைப் பக்கம் ஒரு பாய்தான் இதற்கு இருபது வருஷமாக வைத்தியர். கம்ப்ரஷன் கேஜை மாட்டிப் பார்த்தார். மூன்று சிலிண்டரில் நடுவில் இருப்பது படுத்துவிட்டது. பிளக் துவாரத்தில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பார்த்தார், முள் ஏறியது. ஆயில் விட்டதும் அழுத்தம் கூடினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கின்றன, கூடாவிட்டால் வால்வில் கோளாறு. "ரிங்கு, போர் ரெண்டும் போச்சு சார். இனிமே ஆயில் ஊத்தி ஊத்தித்தான் ஓட்டணும். இல்லேன்னா என்ஜின்ல கை வைக்கணும்" என்றார்.

என்ஜினில் கை வைப்பதற்கு எத்தனை வழி இருக்கிறது என்பது அந்த வாரம்தான் தெரிந்தது. ஊரில் ஆளுக்கொரு என்ஜின் வைத்திருக்கிறார்கள்.

மைத்துனர் ஆம்னி என்ஜின் என்றார். அதே 796 சிசி, 2019 வரை ஆம்னி வந்துகொண்டிருந்ததால் நல்லதாகவே கிடைக்கும் என்பது அவர் கணக்கு. குடும்பம் ஒன்றுதான், படுக்கை வேறு. ஆம்னியில் என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் நெடுக்கில் சாய்ந்து கிடந்து பின்சக்கரத்தைத் தள்ளும். 800-ல் குறுக்கே நின்று முன்சக்கரத்தை இழுக்கும். ஆயில் சம்ப், மேனிஃபோல்டு, தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் எல்லாவற்றையும் பழைய என்ஜினிலிருந்து கழற்றி இதில் பூட்ட வேண்டும்.

அலுவலக நண்பர் ஆல்ட்டோ என்றார். அதுவும் 796 சிசிதான், ஆனால் சிலிண்டருக்கு நான்கு வால்வு, இன்ஜெக்‌ஷன். நம்முடையது கார்புரேட்டர். அந்த என்ஜின் வந்தால் கூடவே அதன் கம்ப்யூட்டர், வயரிங், பெட்ரோல் டாங்குக்குள் ஒரு பம்ப் எல்லாம் சீர்வரிசை மாதிரி வரும்.

பையனுக்கு ஆசை பெரியது. "ஜென் என்ஜின் போடலாம்பா. 993 சிசி. பறக்கும்."

பறக்கும், சந்தேகமில்லை. ஏறக்குறைய 650 கிலோ எடையும் 12 அங்குலச் சக்கரமும் உள்ள வண்டி, 37 குதிரைத்திறனை மனதில் வைத்துச் செய்த பிரேக். அது பறந்தால் எங்கே போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது நம் திருச்சி பெல். நகர்த்த ஆயிரம் கைகள் இருந்தாலும், நிறுத்துவதற்கு வழி வேண்டும் என்று தேருக்கே யோசித்த ஊரில் இருந்துகொண்டு பையன் இப்படிக் கேட்கிறான்.

பாய் இதையே வேறு மாதிரி சொன்னார்: "மாத்தலாம் சார். என்ஜின் மாத்துவீங்க, அப்புறம் கியர்பாக்ஸ் தாங்காது, அதை மாத்துவீங்க. அப்புறம் ரேடியேட்டரு, பிரேக்கு. கடைசியில அப்பா வாங்குனது நம்பர் பிளேட்டு மட்டும்தான் மிஞ்சும்."

நம்பர் பிளேட்டும் சும்மா மிஞ்சாது. ஆர்சி புத்தகத்தில் என்ஜின் எண் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி என்ஜின் மாற்றினால் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்சியில் பதிய வேண்டும். தயாரித்தவர் வகுத்த அடிப்படை அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் எந்த என்ஜினும் கிடைக்கும். அது எந்த வண்டியில் இருந்தது, அந்த வண்டி என்ன ஆனது என்பதற்குக் காகிதம் கிடைத்தால்தான் அது நமக்கு உதவும். திருடுபோன வண்டியின் எண் நம் பானெட்டுக்குள் இருந்தால், இன்ஷூரன்ஸ் கிடக்கட்டும், நாம் எங்கே இருப்போம்?

என் மனம் முடிவுக்கு வந்தது பொன்மலையில். ஒரு வேலையாக ரயில்வே பணிமனைப் பக்கம் போயிருந்தேன். நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் இங்கே வந்த பணிமனை அது. ஊட்டி மலை ரயிலின் நீராவி என்ஜின்களுக்கு அதுதான் தாய்வீடு. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்த எக்ஸ் வகை என்ஜின்கள் கிழடாகிப்போனபோது மாற்று வேண்டியிருந்தது. ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை, தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்பு, அந்தப் பல்லைக் கவ்விக்கொண்டு ஏறும் சக்கரம். எல்லாவற்றுக்கும் அளந்து செய்தது அந்த என்ஜின். பொன்மலைக்காரர்கள் அதே எக்ஸ் என்ஜினைப் புதிதாகச் செய்தார்கள். நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரிகிற மாதிரி. எந்த என்ஜின் வேண்டும் என்பதைப் பாதையே சொல்லிவிட்டது. எனக்குப் பாதை உத்தர வீதி.

பாயிடம் போய், "அதே என்ஜினையே ரீபோர் பண்ணிடுங்க" என்றேன். "இதை முதல்லயே சொல்லியிருந்தா ஒரு வாரம் மிச்சம் சார்" என்றார்.

பிளாக்கை இறக்கி லேத்துக்குக் கொண்டுபோன அன்று நானும் கூடப் போனேன். போரிங் போடுகிறவர் சிலிண்டருக்குள் டயல் கேஜை இறக்கி மேலே, நடுவே, கீழே என்று அளந்தார். பிறகு என் விரலைப் பிடித்து உள்ளே வைத்தார். விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு படி தட்டியது. பிஸ்டன் மேலே போய்த் திரும்புகிற இடம் அது. நெருப்பும் அழுத்தமும் அங்கேதான் அதிகம், ஆயில் அங்கேதான் குறைவு. ஆகவே ரிங் அந்த இடத்தைத்தான் முதலில் தின்னும். ரிங் எட்டாத மேல்விளிம்பு பழைய அளவிலேயே நிற்கும். வட்டமும் வட்டமாக இல்லை. பிஸ்டன் பக்கவாட்டில் சாய்ந்து உதைக்கும் திசையில் நீண்டிருந்தது. ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்குமாக அப்பா போய்வந்த அத்தனை நடையும் அந்தப் படியில் இருந்தது. விரலை எடுக்க மனம் வரவில்லை. போரிங் போடுகிறவர் தொண்டையைச் செருமினார்.

கம்பெனி அளவில் போர் 68.5 மில்லிமீட்டர். கால் மில்லி சீவினால் தேய்மானம் போகவில்லை, அரை மில்லி சீவ வேண்டியிருந்தது. கடைசியில் ஹோனிங் கல் விட்டார்கள். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள். ஆயில் தங்குவதற்கு அந்தக் கோலம் வேண்டுமாம். கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தால்தான் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். புது பிஸ்டன், ரிங், பேரிங், டைமிங் பெல்ட். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது என்று பாய் கார்புரேட்டர் கிட்டும் பெட்ரோல் ஹோஸும் மாற்றச் சொன்னார். 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது என்றாலும் சாமானுக்குப் பஞ்சமில்லை. எல்லாம் திருச்சியிலேயே கிடைத்தன.

என்ஜின் எண் இருப்பது பிளாக்கில். பிளாக் அதேதான். அடுத்த முறை ஆர்சி புதுப்பிக்கக் கொண்டுபோனால் ஆய்வாளர் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்க்கட்டும், 1996-ன் எண்ணே எழும்பும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் ஐம்பதைத் தாண்டக்கூடாது என்பது பாயின் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை முக்கொம்புக்கு ஓட்டிப் போனோம். புகை இல்லை. கம்பரசம்பேட்டை தாண்டும்போது பையன் செல்பேசியில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். 69 மில்லி போர், 72 மில்லி ஸ்ட்ரோக், மூன்று சிலிண்டர்.

"அப்பா, இது இப்போ 796 இல்லை. கிட்டத்தட்ட 808."

"அதனால என்ன?"

"பன்னிரண்டு சிசி பெரிய என்ஜின் போட்டிருக்கீங்க. பிரேக் பத்துமா?"

அந்தச் சமயம் பார்த்து ஒரு சைக்கிள்காரர் எங்களை முந்தினார்.