இரவல் பஞ்சாங்கம்

புரட்டாசி பிறந்துவிட்டால் நமது நடுத்தரக் குடும்பங்களில் சிலருக்கு ஒரு புதுவித ஏக்கம் வந்துவிடுகிறது. இலை நிறம் மாறி உதிர்வதைப் பார்க்க வேண்டுமாம்! காசுள்ளவர் காஷ்மீரத்துச் சினார் மரங்களைப் பார்க்க விமானச் சீட்டு வாங்குகிறார். மகன் அமெரிக்காவில் இருப்பவர் மகனுடைய காரில் வெர்மான்ட் மலைச்சாலைகளைச் சுற்றி வருகிறார். இரண்டுக்கும் வசதியில்லாதவர், "பக்கத்திலிருக்கிற ஏலகிரிக்காவது போவோமே" என்று அக்டோபர் மாதத்தில் குடும்பத்தோடு கிளம்புகிறார். போய்ப் பார்த்தால் மழை கொட்டுகிறது. மலை முழுவதும் பச்சைப் பசேலென்று நிற்கிறது. திரும்பி வந்து, "நம் ஊரில் என்ன ஐயா இருக்கிறது? மரத்துக்கு இலை உதிர்க்கக்கூடத் தெரியவில்லை!" என்று அலுத்துக்கொள்கிறார்.

காஷ்மீரத்துக்கும் வெர்மான்டுக்கும் போகிறவர்களோடு எனக்கு வழக்கில்லை. அழகு எங்கே இருந்தாலும் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியதுதான். என் வழக்கெல்லாம் இந்த மூன்றாவது மனிதரோடுதான். இரவல் பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொந்த மலையைக் குற்றம் சொல்கிறாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குழப்பத்துக்கு வித்திட்டது பள்ளிக்கூடப் புத்தகம். ஆங்கிலேயரின் நான்கு பருவங்களை அப்படியே பெயர்த்து, அவற்றில் ஒன்றுக்கு 'இலையுதிர் காலம்' என்று பெயர் வைத்தோம். அது செப்டம்பரில் வரும் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். நம் முன்னோர் ஆண்டை ஆறாகப் பகுத்தார்கள்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இந்த ஆறில் இலையுதிர் காலம் என்று ஒன்று கிடையாது. அக்டோபர் என்பது கார் முடிந்து கூதிர் தொடங்கும் சமயம். வடகிழக்குப் பருவமழையின் வாசற்படி. தண்ணீர் வரப்போகிற நேரத்தில் இலையை உதறும் மரம் புத்தி கெட்ட மரமாகத்தான் இருக்க வேண்டும்!

குளிர் நாட்டு மரங்கள் பகல் குறுகிக் குளிர் நெருங்குவதைக் கண்டு இலையை விடுகின்றன. நம் மரங்களுக்குப் பயம் வறட்சியிடம். இலையிலுள்ள நுண்ணிய துளைகளின் வழியாக நீர் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. தை கழிந்து மண்ணின் ஈரம் வற்றத் தொடங்கியதும், வருமானம் குறைந்தவுடன் செலவைச் சுருக்கும் குடும்பஸ்தனைப் போல, மரம் இலைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறது. பின்பனிக் காலமான மாசியும் பங்குனியுமே நம் பக்கத்து இலையுதிர் காலம்.

ஆகவே, மாசிக் கடைசியில் புறப்படுங்கள். வேலூரிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாக வாணியம்பாடி. அங்கே இடப்புறம் திரும்பினால் ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர். இது ஜவ்வாது மலை. ஏலகிரிதான் வேண்டுமென்றால் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி அங்கேயும் போகலாம். தேக்கின் சருகு காலடியில் அப்பளம் போல நொறுங்கும். வாகையின் உலர்ந்த நெற்றுகள் காற்றில் சலங்கையாய்ச் சலசலக்கும். இலவ மரம் ஓர் இலைகூட இல்லாத கிளைகளில் சிவப்புப் பூக்களை ஏந்தி நிற்கும்.

"இலையின் சிவப்பு எங்கே?" என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட முற்றத்து நாட்டு வாதுமையைப் போலச் சில மரங்கள் இங்கேயும் இலையைச் சிவக்க வைத்துத்தான் உதிர்க்கின்றன. ஆனால், நம் நாட்டுச் சிவப்பின் பெரும்பங்கு துளிரில் இருக்கிறது. அரசு, இலுப்பை, மா, பூவத்தி ஆகிய மரங்களின் இளந்தளிர்களைப் பாருங்கள்: செம்பு நிறம், குங்கும நிறம், சில நாளில் பளபளக்கும் இளம்பச்சை. வெர்மான்டின் மேப்பிள் இலையைச் சிவக்க வைப்பதும் நம் தளிர்களைச் சிவக்க வைப்பதும் அந்தோசயனின் என்ற ஒரே வகை நிறப்பொருள்தான். அங்கே விடைபெறும் இலை சிவக்கிறது. இங்கே பிறக்கும் இலை சிவக்கிறது. பெண்ணின் நிறத்துக்கு 'மாந்தளிர் மேனி' என்று உவமை சொன்ன மொழியில் பிறந்தவர்கள் இதை மறந்துபோனது வேடிக்கைதான்.

காவலூரில் வானாராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1986-ல் நிறுவப்பட்ட, 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி அங்கே உண்டு. மரங்கள் வெறுங்கிளையாக நிற்கும் இதே மாதங்களில்தான் அங்கே வானம் நிர்மலமாக இருக்கும். விஞ்ஞானிகள் நட்சத்திரத்துக்காகக் காத்திருக்கும் பருவத்தை நாம் 'காய்ந்து போன காலம்' என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இனி, எதிர்வாதத்துக்கு வருகிறேன். "அந்தப் பாதையிலா? தோல் நாற்றம் குடலைப் பிடுங்குமே!" என்கிறார்கள். ஆம்பூரில் பிரியாணிக்காக இறக்கிய கார்க் கண்ணாடியைப் பாலாற்றைக் கண்டதும் ஏற்றிவிடுகிறார்கள். காலில் இருப்பதோ அதே ஆம்பூரின் செருப்பு!

தோலுக்கும் இலைக்கும் உள்ள உறவு இவர்களுக்குத் தெரியாது. சருகின் பழுப்புக்குக் காரணமான பொருள்களில் ஒன்று டானின் என்கிற துவர்ப்பு. அந்தத் துவர்ப்புத்தான் தோலையும் பதப்படுத்துகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் வாரக்கணக்கில் தோலைப் போட்டுப் பக்குவப்படுத்திய வட்டாரம் இது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அந்த மஞ்சள் பூவைத் தரும் ஆவாரைச் செடியின் பட்டைதான் இந்த ஊர்களுக்குச் சோறு போட்டது. பிறகு, அவசர உலகத்துக்காகக் குரோமிய உப்புகள் வந்தன. வேலை விரைவாக முடிந்தது. பழைய முறை பரிசுத்தமானது என்று நான் சாதிக்கவில்லை. அதிலும் சுண்ணாம்பும் உப்பும் கழிவாக ஓடத்தான் செய்தன. ஆனால், தொழில் பெருகப் பெருக நஞ்சும் பெருகியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமற் போனதாக ஓர் ஆய்வை எடுத்துக்காட்டியது. மாசுபடுத்துகிறவனே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றியதும் அந்தத் தீர்ப்புத்தான். ஏறத்தாழ முப்பது வருஷங்கள் கழித்து, 2025 ஜனவரியில், அதே நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் நிறைந்த நாட்டில் வேறு எப்படி நடக்கும்?

மலையை மட்டும் ரசித்துவிட்டு ஆற்றைப் பார்க்க மாட்டேன் என்பது ரசனை ஆகாது. ஜவ்வாது மலையின் ஓடைகள் பலவும் கடைசியில் பாலாற்றைத்தான் சேருகின்றன. இலையற்ற காட்டைச் செத்த காடு என்று நினைக்கிற மனத்துக்கு, நீரற்ற ஆறும் செத்த ஆறாகவே தோன்றும். செத்ததில் எதை ஊற்றினால் என்ன, எதை வெட்டினால் என்ன என்ற துணிச்சல் அங்கேதான் பிறக்கிறது. எனக்குக் கவலை அதுதான்.

போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. சருகு என்பது அழகு மட்டுமல்ல, விறகும்கூட. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத் தீ சூழ்ந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதுவும் இதே மாசி மாதந்தான். வனத்துறையின் அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழையாதீர்கள். சாலையோரம் அடுப்பு மூட்டாதீர்கள். பீடி, சிகரெட் துண்டை வீசாதீர்கள். காரை நிறுத்தி இறங்கி நின்று பார்த்தாலே போதும். வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

போகிற வழியில் பாலாற்றுப் பாலம் வந்ததும் கண்ணாடியை இறக்குங்கள். குழந்தைகள், "இது என்ன நாற்றம்?" என்று கேட்பார்கள். பதில் சொல்லுங்கள்.