மாடியில் ஷீட் அறை: அனுமதியும் விலையும் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மொட்டை மாடியில் கூரை போட்டு, சுற்றிலும் அடைத்து, ஆள் தங்கும்படி செய்துவிட்டால் அது கட்டடம்தான். காங்கிரீட்டா தகரமா என்பது அப்புறம். அதற்கு முறைப்படி அனுமதி கேட்க வேண்டும் என்பது எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிலைப்பாடு. கேட்டு வருகிறவரை மாதக்கணக்கில் அலையவிடாத வழியை மாநகராட்சி திறந்துவைக்க வேண்டும் என்பதும் அதே நிலைப்பாட்டின் பகுதி. இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

வடசென்னையின் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் யாரும் ஆடம்பரத்துக்காக மாடியில் அறை போடுவதில்லை. மகனுக்குக் கல்யாணம் முடிந்திருக்கும்; பக்கத்தில் மனை வாங்க வழியிருக்காது; மேலேதான் போக வேண்டும். "ஷீட்டுதானே சார், பிளான் அப்ரூவல் எல்லாம் தேவையில்லை" என்கிற பேச்சு இங்கேதான் நுழைகிறது. சொல்கிறவர் பெரும்பாலும் வேலையை எடுக்கப்போகிறவர். அனுமதி தேவையா என்பதை அவர் வாயிலிருந்து தெரிந்துகொள்ளக் கூடாது. 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகளும் இருக்கின்றன. மண்டல அலுவலகம் இருக்கிறது. மனு எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

சொத்து வரி ரசீதைக் காட்டி "வரியே போட்டுட்டாங்க, அப்புறம் என்ன" என்பவர்களும் உண்டு. வரி என்பது இருக்கும் பரப்புக்குப் போடுவது. அது அனுமதி ஆகாது. மின் இணைப்பும் அப்படித்தான். "பின்னாடி ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்ற நம்பிக்கையும் பழையது. நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் வந்த 113-ஏ, அதன்பின் வந்த 113-சி பிரிவுகள் வளர்த்த நம்பிக்கை அது. 113-சி 2007 ஜூலை 1க்கு முன் எழுந்த கட்டடங்களுக்கானது. இன்று போடும் ஷீட்டுக்கு அதில் இடமில்லை. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இடிப்பதற்கு முன் 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்றது. அடுத்த மாதமே, அனுமதியற்ற கட்டடம் எத்தனை வருடம் நின்றாலும் அதனால் சட்டபூர்வமாகிவிடாது என்றும் சொல்லிவிட்டது.

விலையில்தான் ஏமாற்று நுணுக்கமாக நடக்கிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவார்கள். எதை அளந்து என்று நாம் கேட்பதில்லை. 20க்கு 15 அறை என்றால் தரை 300 சதுர அடி. நான்கு பக்கமும் ஒன்றரை அடி ஷீட் வெளியே நீண்டால் 23க்கு 18, அதாவது 414. சரிவையும் சேர்த்தால் இன்னும் ஏறும். ரேட் பேசும்போது தரை, பில் போடும்போது கூரை. அதற்கு மேல் தண்ணீர்க் குழாய், முகட்டுத் தகடு, கிரேன், பெயின்ட் எல்லாம் "எக்ஸ்ட்ரா".

குழாயில் நடப்பது கண்ணுக்கே தெரியாது. இரண்டங்குலச் சதுரக் குழாய் வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். 2 மில்லிமீட்டர் கனத்தில் ஆறு மீட்டர் நீளம் ஏறத்தாழ 18 கிலோ இருக்கும், 1.2 மில்லிமீட்டர் என்றால் 11 கிலோதான். "ஹெவி பைப்" என்று சொன்னால் எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஷீட்டிலும் பெயின்ட்டோடு சேர்ந்த கனம் வேறு, இரும்பின் கனம் வேறு. எது என்று பில்லில் எழுதவையுங்கள். "பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம்" என்பது நமக்கு மிச்சமே இல்லை. பில் இல்லாவிட்டால் உத்தரவாதமும் இல்லை, வழக்குக்கு ஆதாரமும் இல்லை. பில் இருந்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வேலைக்குப் புகார்க் கட்டணம்கூடக் கிடையாது.

நம் பகுதிக்கென்றே இரண்டு விஷயங்கள். உப்புக்காற்று வெல்டிங் வைத்த இடத்தைத்தான் முதலில் தின்னும். அங்கே பிரைமர் அடிக்காமல் மேலே நேராகப் பெயின்ட் பூசினால் துரு உள்ளுக்குள் வளரும். பல ஷீட் நிறுவனங்களின் உத்தரவாதச் சீட்டில் கடலோரத்துக்குத் தனி நிபந்தனை உண்டு. வாங்கும் முன் படியுங்கள். அடுத்தது காற்று: 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது ஷீட்டுகள் பறந்ததை நாம் பார்த்திருக்கிறோம்; அதனால் தூண் எதில் ஊன்றுகிறது என்பது முக்கியம். ராயபுரத்தின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ்தான் கூரை: மர உத்தரம், செங்கல், சுண்ணாம்பு. அதன்மேல் தூண் நட்டு ஆங்கர் போல்ட் அடிப்பதை, பொறியாளர் பார்த்துக் கையெழுத்துப் போடாத வரை, நாங்கள் எதிர்க்கிறோம்.

கரையோரத் தெருக்களில் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியும் சேர்ந்துகொள்ளும். உச்ச அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் தனியாகக் கேட்டுவிடுங்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டியபோது தூங்கிய விதி, மீனவர் வீட்டு மாடிக்கு மட்டும் விழித்துக்கொள்கிறதே என்ற கோபம் எங்களுக்கும் உண்டு. அந்தக் கோபம் நோட்டீஸுக்குப் பதில் ஆகாது.

மாநகராட்சியிடம் நாங்கள் கேட்கும் எளிய வழிக்கு முன்மாதிரிகள் உண்டு. இங்கிலாந்தில் வீட்டின் பின்புறம் கண்ணாடி அறை சேர்க்க, ஒட்டிய வீட்டுக்கு மூன்று மீட்டர், தனி வீட்டுக்கு நான்கு மீட்டர் என்ற வரம்புக்குள் நீளம் இருந்தால், பொதுவாகத் தனித் திட்ட அனுமதி வேண்டாம். வீட்டுக்காரரே படித்துப் புரிந்துகொள்ளும் விதி. தமிழக அரசும் 2024 ஜூலையில் சுயசான்றுத் திட்டம் கொண்டுவந்தது: 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஆன்லைனில் உடனடி அனுமதி. இருக்கிற வீட்டின் மேல் ஓர் அறை சேர்ப்பவருக்கும் இதே அளவுக்கு எளிய வழி வேண்டும். எது அனுமதியில்லாமல் போடலாம், எது கூடாது, கட்டணம் எவ்வளவு என்பதைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு ஒவ்வொரு மண்டல அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். அந்தத் தாள் இல்லாத இடத்தில்தான் "ஆபீஸ் செலவு" என்ற பெயரில் புரோக்கர் பணம் பறிக்கிறார். அரசு வாரியங்களின் குடியிருப்புகளில் விற்பனைப் பத்திரம் கைக்கு வராதவர்களால் விண்ணப்பிக்கவே முடியவில்லை; முதலில் பத்திரத்தைக் கொடுங்கள், பிறகு விதிமீறலைப் பேசலாம்.

வீட்டுக்காரர்களுக்கு எங்கள் வேண்டுகோள்: அனுமதி பற்றிய பதில் எழுத்தில் வராமல், அளவும் கனமும் குறித்த கொட்டேஷன் கையில் இல்லாமல், ஒரு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.